வயிரவண்ணன் கட்டைவிரல்

எங்கள் ஊரிலிருந்து 'அப்பாடா' என்ற சொல் காணாமல் போய்விட்டது. யாரும் தடை போடவில்லை. சொல்ல ஆள் இல்லாமல் போயிற்று, அவ்வளவுதான். ஒரு காலத்தில் காரைக்குடியில் நிமிடத்துக்கு ஆயிரம் அப்பாடா கேட்கும். பஸ்ஸில் இடம் பிடித்தவர் சொல்வார். சந்தைப் பையை இறக்கி வைத்தவர் சொல்வார். பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டு மண்டபத்தைக் காலி செய்தவர் சொன்னால் தேவகோட்டை வரைக்கும் கேட்கும். பட்டை வந்தது. அத்தனையும் அடங்கிப்போனது.

பட்டை என்பது மணிக்கட்டில் கட்டிக்கொள்கிற சமாசாரம். 'சுமைதாங்கி' என்றொரு கம்பெனி கொண்டுவந்தது. அதில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு திருகு இருக்கும். நடுவில் நின்றால் சும்மா. ஒரு பக்கம் திருப்பினால் 'தள்ளு'. மறுபக்கம் 'வாங்கு'. நீங்கள் தள்ளு என்று வைத்துக்கொண்டு மலையையே பெயர்க்கலாம். அசதியும் வலியும் உங்களுக்கு வராது. வாங்கு என்று வைத்துக்கொண்டு கட்டிலில் படுத்திருக்கும் உங்கள் ஜோடி ஆளுக்குப் போய்விடும். அந்த ஆளுக்குத் தாங்கி என்று பெயர். எங்கள் ஊர்த் தாங்கிகளையெல்லாம் வியாபாரம் படுத்துப்போன ஒரு கல்யாண மண்டபத்தில் வரிசையாகக் கட்டில் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். பந்தி நடந்த கூடத்தில் முனகல் நடந்தது. மேனேஜர் உட்கார்ந்த அறையில் 'மணமகன் அறை' என்ற போர்டைக்கூடக் கழற்றவில்லை.

முதல் பட்டையை வாங்கியவர் என் பக்கத்து வீட்டு வயிரவண்ணன். பி.வி.சி. குழாய்க் கடையைப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் இருந்தவர். அவர் பட்டையைக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி உமையாள் ஆச்சி என்னிடம்தான் கேட்டார்கள்.

"ஏன் இஞ்சினியர், அசதிங்கிறது இல்லாமப் போயிருமா?"

"இல்லாமல்லாம் போகாது ஆச்சி. எங்க கரண்டு போர்டுல ஒரு லைன்ல லோடு தாங்கலைன்னா அடுத்த லைனுக்கு மாத்தி விடுவோம். வெளிச்சம் உங்க வீட்டுல எரியும். சூடு எங்கயோ ஒரு டிரான்ஸ்ஃபார்மர்ல ஏறும்."

"அந்த டிரான்ஸ்ஃபார்மர் வெடிச்சா?"

"வேற போடுவாக," என்றார் வயிரவண்ணன்.

எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் என் நெஞ்சுக்குள் ஏற்கெனவே ஒரு கருவி ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொள்ளும் என்று கம்பெனிக்காரர்கள் எனக்குக் கையை விரித்துவிட்டார்கள். அதனால் ஊரில் மூச்சு வாங்குகிற கடைசி மனிதன் நான் என்ற புகழ் என்னைத் தேடி வந்தது. மாடிப்படி ஏறி வந்து நாற்காலியில் விழுந்து நான் அப்பாடா சொல்வதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் கூடின. "இன்னொரு தடவை மூச்சு வாங்குங்க தாத்தா" என்று விருப்பம் தெரிவித்தன.

அந்த நாட்களின் அழகை என்னவென்று சொல்ல. மேடையில் மைக்கைப் பிடித்தவர் மறுநாள் காலையில்தான் விட்டார். பேசிய களைப்பு ஒரு தாங்கிக்குப் போனது. கேட்ட களைப்பு இன்னொரு தாங்கிக்குப் போனது. இரண்டாவது ஆள்தான் அதிகம் கஷ்டப்பட்டான் என்று கேள்வி. மாமியார் மருமகள் சண்டைகள் முடிவதே இல்லை. முன்பெல்லாம் விளக்கு வைப்பதற்குள் யாராவது ஒருவர் ஓய்ந்துவிடுவார். பஸ் ஸ்டாண்டு பெஞ்சுகளில் ஆடுகள் படுத்துக்கொண்டன. டீக்கடைக்காரர் ஒருவர், "இதமா ஒரு டீ அடிங்கன்னு கேக்க ஆளில்ல, நான் யாருக்கு ஆத்துறது" என்று பாய்லரை எடைக்குப் போட்டுவிட்டார்.

வயிரவண்ணனுக்குக் கட்டைவிரல் தனியாகவே வேலை செய்யப் பழகிவிட்டது. எதையாவது தூக்குவதற்கு முன்னால் வலது கட்டைவிரல் இடது மணிக்கட்டுக்குப் போகும். திருகு தள்ளு பக்கம் திரும்பும். பிறகுதான் கை நீளும். தண்ணீர்க் குடம் என்றில்லை, காபி டம்ளருக்கும் அதே மரியாதைதான். நியூஸ்பேப்பரில் பக்கம் திருப்ப ஒரு தள்ளு. கும்பிடுவதற்கு ஒரு தள்ளு.

தூக்கம் போனதை முதலில் யாரும் பொருட்படுத்தவில்லை. கூடுதலாக ஒரு ராத்திரி கிடைத்தது என்று கொண்டாடினார்கள். வயிரவண்ணன் அந்த ராத்திரிகளில் வீட்டுத் தேக்குக் கதவுகளையெல்லாம் மெருகேற்றினார். செட்டிநாட்டு வீட்டில் கதவுக்கா பஞ்சம்? அதுவும் ஒரு நாள் தீர்ந்தது. அப்புறம் தூண்கள். அப்புறம் என் வீட்டுக் கதவைக் கேட்டு வந்தார். வருஷம் மூன்றாயிற்று. கண் இரண்டும் கோவைப்பழம். ஆச்சியைத் தன் செத்துப்போன அக்கா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். சுவர்க் கடிகாரத்தோடு வாக்குவாதம் செய்து தோற்றார். மாத்திரைகளைக் கடலை மாதிரி மென்றும் இமை ஒட்டவில்லை.

டாக்டர் ஒளிக்கவில்லை. உடம்பு அசந்தால்தான் தூக்கம் வரும்; மூன்று வருஷமாக உம் அசதியை வாசலில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு இப்போது தூக்கம் எங்கே என்று தேடினால் எப்படி? திருகைச் சும்மாவில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தால் போதாது. எலும்பு வரைக்கும் அலுத்துப்போகிற மாதிரி ஒரு வேலை செய்யும், இல்லையென்றால் முதலில் புத்தி கலங்கும், பிறகு நெஞ்சு நின்றுவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

ஆச்சி வீட்டுக்கு வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. டாக்டர் வாசலிலேயே பழனி இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டு வேண்டிக்கொண்டார்கள். இவுக நடந்தே உன் சந்நிதிக்கு வருவாக முருகா, தூக்கத்தைக் கொடு. எங்கள் பக்கத்தில் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பது வழக்கம்தான். ஆனால் தூக்கத்துக்காக நடந்தவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

"பட்டையைக் கழட்டி வச்சிட்டு நடங்க," என்றார்கள் ஆச்சி.

"வீட்டுக் கதவு இதுலதான் தெறக்குது. நாடி பாக்குறதும் இதுதான். இருக்கட்டும் உமையா. திருகத் தொடமாட்டேன். முருகன் மேல சத்தியம்."

குன்றக்குடியில் சத்தியம் செய்து தேங்காய் உடைத்தார். அரோகரா போட்டார். முதல் அடியை எடுத்து வைத்தார். துணைக்கு நானும் கிளம்பியிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு வேன் வர ஏற்பாடு, நெஞ்சுக் கருவியை உத்தேசித்து.

வழிநெடுகக் கூட்டம். ஒருவர் முகத்திலாவது களைப்பு இருக்க வேண்டுமே. எல்லோர் கையிலும் பட்டை. வழக்கமாக நடந்து வருகிறவர்களுக்குக் கால் பிடித்துவிடுவதை ஒரு புண்ணியமாகச் செய்கிற கூட்டம் சிங்கம்புணரியில் ஒரு கொட்டகை போட்டு, வேப்பெண்ணெய்க் கிண்ணத்தோடு காத்திருந்தது. ஒரு கால்கூடக் கிடைக்கவில்லை. நான் நொண்டிக்கொண்டே உள்ளே நுழைந்து அப்பாடா என்றேனோ இல்லையோ, அத்தனை பேரும் என் மேல் பாய்ந்தார்கள். இடது காலுக்கு ஒரு கோஷ்டி, வலது காலுக்கு ஒரு கோஷ்டி. கால் கிடைக்காதவர்கள் என் கையைப் பிடித்துவிட்டார்கள். இரண்டு பேர் வரிசையில் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள். வேனில் ஏறிப்போன தூரத்தைக் கழித்தால் நான் நடந்தது அதிகமில்லை என்ற விஷயத்தை அவர்களிடம் சொல்லி மனதைப் புண்படுத்துவானேன்.

வயிரவண்ணன் கொட்டகைப் பக்கமே திரும்பவில்லை. நத்தம் மலைப்பாதையில் பறந்தார். ஒட்டன்சத்திரத்தில் அவரைப் பிடிக்க என் வேன் திணறியது.

"பாத்தீங்களா இஞ்சினியர், திருகத் தொடவே இல்ல. ஆனா துளி அசதி கெடையாது. இதுக்கு என்ன பேரு? அருள்."

மலையையும் ஒரே மூச்சில் ஏறினார். தண்டாயுதபாணியைக் கண்குளிரப் பார்த்தார். ஊர் திரும்பினார். படுத்தார். விடியும்வரை விட்டத்துப் பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முருகன் மேல் அவருக்குக் கோபம் வரவில்லை. பிரசாதம் கொடுப்பதில் ஏதோ குறை வைத்துவிட்டோம் என்று முடிவு செய்தார். தெரு முழுக்கப் பஞ்சாமிர்தம் போனது. மிச்சத்தை, மூன்று வருஷமாகத் தன் அசதியைச் சுமக்கிறவனுக்கும் கொடுத்துவிடலாம் என்று மண்டபத்துக்கு என்னையும் ஆச்சியையும் கூட்டிக்கொண்டு போனார். அதுவரை அவனை அவர் பார்த்ததே இல்லை.

அவன் பெயர் முப்பிடாதி. கோவில்பட்டிப் பக்கம். தீப்பெட்டி ஆபீஸ் மூடியதும் இங்கே வந்து படுத்தவன். நாங்கள் போனபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். தூக்கம் என்றால் அதுதான் தூக்கம். வாய் பிளந்திருந்தது. குறட்டையில் பக்கத்துக் கட்டில் பிளாஸ்டிக் டம்ளர் நகர்ந்தது. வயிரவண்ணன் அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாண வீட்டு வாசலில் நின்று இலையைப் பார்க்கிற பசிக்காரன்கூட அப்படிப் பார்க்கமாட்டான்.

ஆச்சி எழுப்பினார்கள். அவன் கண்ணைத் திறக்காமலே, "முருகா" என்றான். பிறகு எழுந்து உட்கார்ந்து, கால்களைத் தரையில் ஊன்றி முகம் சுளித்தான். பாதம் இரண்டும் வீங்கியிருந்தன.

"போன வாரம் என்ன சோலி பாத்திய அண்ணாச்சி? உசுரு போயிட்டு வந்துச்சு. ஆனா அப்பிடி ஒரு தூக்கம் என் சென்மத்துல தூங்குனதில்ல. ஒரு எடத்துல மட்டும் வலது குதிகால்ல சுருக்குன்னு ஒண்ணு. அது இன்னும் விடல."

ஆச்சி தன் கணவரின் வலது காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தார்கள். குதிகாலில் ஒரு முள், தலைகூட வெளியே தெரியாமல் உள்ளே புதைந்திருந்தது. பழனி வரைக்கும் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்த முள். அவருக்கு உறைக்கவே இல்லை.

மணமகன் அறையிலிருந்து மேனேஜர் வந்தார். பட்டையைத் தன் கருவியில் காட்டிப் பார்த்துவிட்டுப் பணிவாகச் சொன்னார்: குன்றக்குடியில் முதல் அடி வைத்ததிலிருந்து திருகு தள்ளு பக்கம்தான் இருந்திருக்கிறது.

வயிரவண்ணன் தன் வலது கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதற்குச் சத்தியம் செய்த விஷயம் தெரிந்திருக்க நியாயமில்லை.

"அப்ப நடந்தது நானு. பலன் இவனுக்கா?"

"அலுத்தது நான்லா அண்ணாச்சி," என்றான் முப்பிடாதி. பஞ்சாமிர்தத்தை வழித்து நாக்கில் வைத்துக்கொண்டே சொன்னான். "சாமிக்குத் தெரியாதா, யாரு வந்தான்னு."

வயிரவண்ணன் என்ன இருந்தாலும் வியாபாரி. அழுகையும் யோசனையும் அவருக்கு ஒரே நேரத்தில் வரும். மேனேஜரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த இடத்திலேயே யோசனை சொன்னார். இவன் எழுந்துபோய் வேலை செய்யட்டும், இவன் தள்ளட்டும். நான் இந்தக் கட்டிலில் படுத்து வாங்குகிறேன்.

மேனேஜர் முகத்தில் அப்போது தெரிந்த ஒளியை நான் எங்கள் போர்டில் புது அணை கட்டியபோதுகூடப் பார்த்ததில்லை.

அடுத்த மாதமே 'ஆழ்துயில் திட்டம்' வந்தது. ஊரில் தூங்காத கண்ணெல்லாம் மண்டபத்து வாசலில் வரிசை கட்டின. பழைய தாங்கிகளை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டு, கட்டில்களுக்குப் பட்டு விரிப்புப் போட்டு, வக்கீல்களும் ஜவுளிக்கடை முதலாளிகளும் ஏறிப் படுத்தார்கள். ராத்திரிக்கு வாங்குகிறவர்கள், மத்தியானத்துக்கு வாங்குகிறவர்கள் என்று ஷிப்ட். ஆனால் அத்தனை பேரையும் தூங்கவைக்க வேண்டிய அளவு அசதிக்கு ஊரில் வேலை எங்கே இருக்கிறது? கம்பெனி அதற்கும் வழி கண்டுபிடித்தது. மண்டபத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் பழைய தாங்கிகளைக் காலையில் பள்ளம் வெட்டச் சொன்னார்கள். சாயங்காலம் அதையே மூடச் சொன்னார்கள். மண் அங்கேயே இருந்தது. அசதி மட்டும் உள்ளே போனது. இத்தனை வருஷ சர்வீஸில் நானும் பார்த்திருக்கிறேன், ஆனால் கழிவே இல்லாத உற்பத்தி என்றால் அதுதான்.

ரசனையும் வளர்ந்தது. செங்கல் சுமந்த அசதி முதல் தரம், கனவே வராது. நாற்று நட்ட அசதி இடுப்பில் இதமாக இறங்கும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த அசதி வேண்டவே வேண்டாம், பாதித் தூக்கத்தில் மீட்டிங் வருகிறது. காலையில் வெளியே வருகிற பெரிய மனிதர்கள் சோம்பல் முறித்துக்கொண்டே, நேற்றைக்கு மூட்டை தூக்கினது யார், பிரமாதம், என் பாராட்டைச் சொல்லுங்கள் என்று மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். உழைப்பின் அருமையைப் பற்றி ஒரு கருத்தரங்குகூட நடந்தது. எல்லோரும் படுத்துக்கொண்டே பேசினார்கள்.

வயிரவண்ணனுக்கு மத்தியான ஷிப்ட். முப்பிடாதியின் அசதி அவருக்கென்றே ஒதுக்கப்பட்டது. மனிதர் தேறினார். கண் வெளுத்தது. ஆச்சியை மறுபடி உமையா என்றார்.

இந்தச் சமயத்தில் எனக்குப் பின்கட்டில் ஒரு தென்னை வைக்க ஆசை வந்தது. குழி வெட்ட ஆள் கேட்டேன். கம்பெனி முப்பிடாதியை அனுப்பியது. எங்கே வெட்டினால் என்ன, அசதி அசதிதானே.

நான் பார்த்த முப்பிடாதி இல்லை அவன். கன்னம் ஒட்டியிருந்தது. கண் கோவைப்பழம். அந்தப் பழத்தை நான் வேறொரு முகத்தில் பார்த்திருக்கிறேன். மம்பட்டியை ஓங்கிப் போட்டான், மண் தெறித்தது, வியர்வை கொட்டியது, முகத்தில் மட்டும் ஒன்றும் இல்லை. வேறு யாரோ வெட்டுவதை வேடிக்கை பார்க்கிறவன் மாதிரி இருந்தான்.

"தூங்குறியாப்பா?" என்றேன்.

"என்னத்தத் தூங்க. முன்னால அவுக அசதியக் குடுத்தாக, வாங்கிக்கிட்டேன். இப்ப என் அசதியவும் வாங்கிக்கிட்டாக. ராத்திரி எம்பொண்டாட்டி தூங்குறதப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன் சார். காலைல சோத்தப் பாத்தா பசிக்க மாட்டேங்கு. பள்ளம் வெட்டி மூடுனவனுக்குப் பசிக்கலன்னா, அந்தப் பள்ளம் எதுக்கு?"

எனக்கு எப்போதுமே விரல் துறுதுறுக்கும். சர்வீஸ் காலத்தில் சுவிட்சைக் கண்டால் போட்டுப் பார்த்துவிடுகிற ஜாதி. "திருகக் கொஞ்ச நேரம் சும்மாவுல வையேன்," என்றேன். வைத்தான்.

மண்டபத்தில் நல்ல உறக்கத்தின் நடுவில் வயிரவண்ணனைத் தண்ணீரில் தூக்கிப் போட்டது போல் ஆகியிருக்கிறது. மேனேஜரிடம் இடம் விசாரித்துக்கொண்டு, வேட்டி ஒரு கையிலும் பட்டு விரிப்பு ஒரு கையிலுமாக என் பின்கட்டுக்குள் நுழைந்தார். பின்னாலேயே ஆச்சியும் வந்தார்கள்.

"எங்க என் அசதி? யாரக் கேட்டு நிறுத்துன?"

முப்பிடாதி மம்பட்டியைக் கீழே வைத்தான். "அது என் அசதி அண்ணாச்சி."

வயிரவண்ணன் குழிக்கரையில் உட்கார்ந்துவிட்டார். பெரிய உடம்பு குலுங்கியது. எனக்குத் தூக்கம் வேணும் இஞ்சினியர், வேற எதுவும் வேணாம் என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். 

ஆச்சி குனிந்து மம்பட்டியை எடுத்தார்கள். அதைக் கணவர் மடியில் வைத்தார்கள்.

"பாதிக் குழி இருக்குது. வெட்டுங்க. உங்க கையி, உங்க அசதி, உங்க தூக்கம். ஒருத்தனும் கேக்கமாட்டான்."

 வயிரவண்ணன் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். பட்டு விரிப்பைத் தலையில் முண்டாசாகச் சுற்றிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். சும்மா சொல்லக்கூடாது, அந்த நிமிஷத்தில் அவர் ஒரு மகாராஜா மாதிரித்தான் இருந்தார். இரண்டு கைகளிலும் எச்சிலைத் தொட்டுக்கொண்டார்.

வெட்டினார். என்ன வெட்டு. மண் என் தலைக்கு மேல் பறந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகள் செம்மண் நிறமாயின. தென்னைக்கு அவ்வளவு வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவர் காதில் விழவில்லை. முட்டி மறைந்தது, இடுப்பு மறைந்தது. ஒரு கட்டத்தில் முண்டாசு மட்டும் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் விட்டால் ஊற்றுக் கண் திறந்துவிடும் போலிருந்தது. உள்ளங்கையில் கொப்புளம் கிளம்பி உடைந்து மம்பட்டிப் பிடி நனைந்தது. நானும் ஆச்சியும் அந்த ஒற்றைச் சொல் எப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம்.

வந்தது.

"அப்பாடா."

அடிவயிற்றிலிருந்து, முதுகெலும்பெல்லாம் இளகி, மூன்று வருஷத்துப் பழைய சரக்கு மாதிரி வந்தது. ஆனால் குழிக்குள்ளிருந்து வரவில்லை. எனக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பிப் பார்த்தேன். முப்பிடாதி வேப்பமரத்தடியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் பட்டையில் திருகு வாங்கு பக்கம் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்து, குழியை நோக்கி மோவாயை மெல்ல அசைத்தான். எட்டிப் பார்த்தேன். வயிரவண்ணன் மணிக்கட்டில் திருகு தள்ளு பக்கம் இருந்தது. எச்சில் தொட்ட கையோடு அந்தக் கட்டைவிரல் தன் கடமையை முடித்திருக்கிறது. அவருக்குத் தெரியாது. பார்த்துக்கொண்டிருந்த இவனுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆச்சியும் இரண்டையும் பார்த்துவிட்டார்கள். சொல்லப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஆச்சி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முப்பிடாதியின் முகத்தில் விழுந்த வெயிலை மறைக்கிற மாதிரி இரண்டடி தள்ளி வந்து நின்றார்கள். அவன் தலை ஒரு பக்கம் சரிந்தது. குறட்டை ஆரம்பமாயிற்று.

குழிக்குள்ளிருந்து முண்டாசு நிமிர்ந்தது.

"இஞ்சினியர், யாரு அப்பாடான்னது?"

"நான்தாண்ணே," என்றேன். "நீங்க வெட்டுங்க."